சொல்லையும் காட்சியையும் இணைக்கும் நியூரல் நெட்வொர்க்: நெல்லைச் சீமைப் படங்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

“சுளவுல அரிசி புடைக்காவ” (முறத்தில் அரிசி புடைக்கிறார்கள்) என்று தட்டினால், சில ஆயிரம் படங்களுக்குள்ளிருந்து அந்தக் காட்சியைத் தேடி எடுத்துத் தரும் மாதிரி (மாடல்) ஒன்றைக் கட்டுவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. பைத்தான் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பைடார்ச்சில் ஒரு சிறு மாதிரியாவது ஓட்டிப் பார்த்திருந்தால் நல்லது. கருவி என்று பார்த்தால் கேமரா உள்ள கைபேசியும் கூகுள் கோலாப்பில் கிடைக்கும் 16 ஜி.பி. டி4 ஜி.பி.யுவும் போதும். நேரத்தில் பெரும்பகுதி படம் எடுப்பதிலும் அதை விவரித்து எழுதுவதிலும் போகும். அங்கே சுருக்கினால் பிறகு எந்த நெட்வொர்க்காலும் அதை ஈடுகட்ட முடியாது.

அடிப்படை அமைப்பு

இரண்டு நெட்வொர்க்குகள் வேண்டும். ஒன்று படத்தை வாங்கி 512 எண்கள் கொண்ட ஒரு வெக்டராக மாற்றும். மற்றது வாக்கியத்தை வாங்கி அதே 512 எண்களுக்கு மாற்றும். படமும் அதற்குரிய வாக்கியமும் நெருங்க வேண்டும், பொருந்தாதவை விலக வேண்டும் என்பதே பயிற்சி. 2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் மாதிரி 40 கோடி படம்–வாக்கிய ஜோடிகளைக் கொண்டு இதைச் செய்தது.

அவ்வளவு இல்லாமல் முடியாதா என்று தயங்க வேண்டாம். ஒரே குழந்தையின் தலையில் கட்டிய கேமராவில் 6 மாத வயது முதல் 25 மாதம் வரை பதிவான 61 மணி நேரக் காணொளியையும், அப்போது அதன் காதில் விழுந்த பேச்சையும் மட்டும் கொடுத்துப் பயிற்றிய மாதிரி ஒன்று, பல பொருள்பெயர்களைச் சரியான படத்தோடு சேர்த்தது. 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அது. நாமோ ஏற்கெனவே பார்க்கக் கற்ற பட நெட்வொர்க்கிலிருந்து தொடங்குகிறோம். நமக்கு 3,000 படங்களும் படத்துக்கு 3 விவரிப்புகளும் போதுமான தொடக்கம்.

படி 1: படங்கள்

முதலில் என்னென்ன சொற்களைச் சோதிக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு, அதற்கேற்பப் படம் எடுங்கள். வீட்டுப் பொருள்கள் (சுளவு, வாரியல், சிரட்டை, அகப்பை, கொட்டான், கடவம்), பனைத்தொழில் (கலயம், தளைநார், பாளை அரிவாள், கருப்பட்டி), வயல், மாடு, ஆற்றங்கரை, கோயில் தெரு, கடைவீதி, காற்றாலை என்று பிரித்துக்கொள்ளலாம். பருவத்தையும் கவனியுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களிலும் போய் எடுத்தால்தான் நாற்றங்கால், பால் பிடித்த கதிர், அறுத்த தாள் எல்லாம் கிடைக்கும். பதநீர்க் காலம் தவறினால் கலயம் கட்டிய பனை கிடைக்காது. கூந்தன்குளத்துக்குப் பறவை இல்லாத மாதத்தில் போனால் வெறும் குளம்தான் படத்தில் விழும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பட நெட்வொர்க் எல்லாப் படத்தையும் 224×224 புள்ளிகளாகச் சுருக்கித்தான் பார்க்கும். 15 மீட்டர் பனையை அடி முதல் தலை வரை ஒரே சட்டத்தில் எடுத்தால், 30 செ.மீ. உயரக் கலயம் அதில் நாலரைப் புள்ளி உயரம்தான் இருக்கும். நாம் எடுத்துக்கொள்ளப் போகும், கிளிப்பின் விட்-பி/32 வகைப் பட நெட்வொர்க் படத்தை 32×32 புள்ளிக் கட்டங்களாக, மொத்தம் 49 கட்டங்களாக வெட்டுகிறது. நாலரைப் புள்ளிக் கலயம் அந்தக் கட்டத்துக்குள் ஒரு தூசி. விவரிப்பில் “கலயம்” என்று எழுதியிருப்பீர்கள். நெட்வொர்க்கோ பனை மட்டையையும் வானத்தையும்தான் கலயம் என்று கற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு பொருளைப் பெயர் சொல்லி எழுத வேண்டுமானால், அது சட்டத்தின் அகலத்திலோ உயரத்திலோ ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். முடியாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டித் தனிப் படமாகச் சேருங்கள்.

அளவால் மட்டும் வேறுபடும் பொருள்களுக்கு இன்னொரு கவனம் தேவை. கொட்டானும் கடவமும் ஓலையில் முடைந்தவைதாம். வெள்ளைச் சுவரின் முன் தனியாக வைத்து எடுத்தால் மனிதருக்கே பிரித்துச் சொல்வது கடினம். பக்கத்தில் ஒரு கை, ஒரு செம்பு, ஒரு ஆள் என்று அளவு தெரியும் ஏதாவது ஒன்று சட்டத்தில் இருக்கட்டும்.

ஒரே பொருளைக் குறைந்தது பத்து வெவ்வேறு பின்னணிகளில் எடுங்கள். உங்களிடமுள்ள பனைப் படங்கள் எல்லாமே உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் எடுத்தவை என்றால், மாதிரி பனையைப் பார்க்காமல் செம்மணலைப் பார்த்தே “பனை” என்று சொல்லப் பழகிவிடும். வயல் வரப்புப் பனை, குளத்தங்கரைப் பனை, பள்ளிக்கூடச் சுவரோரப் பனை எல்லாம் வேண்டும். பனையில்லாத தேரிப் படங்களும் வேண்டும்.

முகம் தெரியும் படமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகளைத் தவிர்த்துவிடுங்கள். கோப்புக்குள் பதிவாகும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். ஆனால் அதற்கு முன், கைபேசி எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கப்பட்டது என்ற குறிப்பைப் படித்துப் படத்தை நிமிர்த்திச் சேமித்துவிட வேண்டும். வரிசை மாறினால் பனைகளெல்லாம் படுத்த மேனிக்கு நெட்வொர்க்குக்குள் போகும். மூலக் கோப்பு கணினித் திரையில் நிமிர்ந்தே தெரிவதால் இதைக் கண்டுபிடிக்க வெகு நேரமாகும்.

படி 2: விவரிப்பு

ஒரு படத்துக்கு மூன்று பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஆளுக்கொரு வாக்கியம் எழுத வேண்டும். 9,000 வாக்கியங்கள், நிமிடத்துக்கு ஒன்று என்றால் 150 மணி நேரம். பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பதினைந்து மணி.

எழுதுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். “இனிப்பான பதநீர்” என்பதில் இனிப்பு தெரியாது. “பத்தமடைப் பாய்” என்பதில் ஊர் தெரியாது. “மெல்லிய கோரையில் நெய்த, சிவப்புக் கரை போட்ட பாய்” என்பது தெரியும். ஊர்ப்பெயரை அட்டவணையில் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) குறித்துக்கொள்ளலாம்.

எழுதச் சொன்னால் பலர் செய்தித்தாள் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். “ஒரு நபர் மரத்தின் மீது ஏறிக்கொண்டிருக்கிறார்” என்று வரும். வயதானவர்களிடம் படத்தைக் காட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்: “தளைநாரப் போட்டுப் பனைல ஏறுதாவ”. அந்தப் பேச்சை அப்படியே ஒரு பத்தியிலும், எழுத்து நடையில் ஒன்றை அடுத்த பத்தியிலும் வையுங்கள். பயிற்சியில் இரண்டும் போகட்டும். இதைச் செய்யாவிட்டால் மாதிரிக்கு ‘முறம்’ தெரியும், ‘சுளவு’ தெரியாது. ‘விளக்குமாறு’ தெரியும், ‘வாரியல்’ தெரியாது.

அட்டவணையில் இருக்க வேண்டிய பத்திகள்: படக் கோப்பு, காட்சி எண், இடம், பருவம், விவரித்தவரின் குறியீட்டு எண், பேச்சு வடிவம், எழுத்து வடிவம். காட்சி எண் மிக முக்கியம். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களுக்கெல்லாம் ஒரே காட்சி எண் கொடுங்கள்.

படி 3: எழுத்தைச் சீர் செய்தல்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தாம் அதிகம். கெடுவதும் இங்கேதான் அதிகம்.

‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும். நெட்வொர்க்குக்கு அவை வேறு வேறு சொற்கள். எல்லா வாக்கியத்தையும், இப்படிப்பட்ட குறிகளை ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. முறையில் ஒருமுறை ஓட்டினால் இது சரியாகும். ஆனால் அதில் சரியாகாதவையும் உண்டு. ஸ்ரீவைகுண்டத்தின் ‘ஸ்ரீ’ யூனிகோடில் இரண்டு வேறு முதலெழுத்துகளோடு தட்டப்படுகிறது; ‘வௌவால்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போடுகிறவர்கள் நிறையப் பேர். இவற்றுக்குக் கையால் மாற்றுப் பட்டியல் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகளையும் அகற்றுங்கள்.

அடுத்தது டோக்கனைசர், அதாவது வாக்கியத்தைத் துண்டுகளாக்கும் பகுதி. பெர்ட் என்ற மொழி நெட்வொர்க்கின் வகையைச் சேர்ந்த டோக்கனைசர்கள் சிலவற்றில் ‘சிறிய எழுத்தாக மாற்று’ என்ற அமைப்பு இயங்கினால், ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளை நீக்கும் வேலையும் சேர்ந்தே நடக்கும். யூனிகோடில் தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் அதே வகைக்குள் வைக்கப்பட்டிருப்பதால் அவையும் பறந்துவிடும். ‘நீர்’ என்று கொடுத்தால் ‘நர’ என்று போகும். ‘மீன்’ ‘மன’ ஆகும். ‘கல்’லும் ‘கல’வும் ஒன்றாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதிரி ஓரளவு கற்கவும் செய்யும், ஆனால் மதிப்பெண் ஏறாது. நூறு வாக்கியங்களைத் துண்டாக்கி, மறுபடி சேர்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

படி 4: நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தல்

பட நெட்வொர்க்காகக் கிளிப்பின் விட்-பி/32-ஐ அப்படியே, எடைகளை உறைய வைத்து (பயிற்சியில் மாறாதபடி நிறுத்தி), எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு வரும் வாக்கிய நெட்வொர்க் நமக்கு உதவாது. அதன் டோக்கனைசர் ஆங்கிலத்துக்கானது; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக இருப்பதால் வாக்கியத்தைப் பைட்டுத் துணுக்குகளாக நொறுக்கிவிடும். மொத்தமே 77 துண்டுகள்தாம் ஏற்கும், அதிலும் இரண்டு தொடக்க, முடிவுக் குறிகளுக்குப் போய்விடும். நீளமான தமிழ் வாக்கியம் பாதியிலேயே அறுந்துபோகும்.

அதனிடத்தில் தமிழ் படித்த நெட்வொர்க் ஒன்றைப் பொருத்துங்கள். கூகுளின் மியூரில், மெட்டாவின் எக்ஸ்.எல்.எம்.-ரொபர்ட்டா இரண்டுமே பொருந்தும். அடிப்படை அளவில் இரண்டும் 768 எண்கள் தரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கத்தையும் கையாள வேண்டுமானால் மியூரிலை எடுங்கள். அப்படிப்பட்ட எழுத்திலும் அது பயின்றிருக்கிறது. கடைசியில் 768-ஐ 512-ஆக மாற்றும் ஓர் அடுக்கைச் சேர்த்து, வெளிவரும் வெக்டரின் நீளத்தை 1-ஆக்க வேண்டும். வாக்கிய நீள வரம்பு 64 துண்டுகள் போதும்.

பட நெட்வொர்க் உறைந்திருப்பதால், 3,000 படங்களின் வெக்டர்களையும் ஒரே தடவை கணக்கிட்டுச் சேமித்துவிடலாம். 3,000 × 512 எண்கள், எண்ணுக்கு 4 பைட்டு: ஏறக்குறைய 6 எம்.பி. ஜி.பி.யு முழுவதும் வாக்கியப் பக்கத்துக்கே மிச்சமாகும்.

சேமிக்கும்போது படத்தைச் சற்று மாற்றி நாலைந்து வடிவம் எடுப்பது வழக்கம். எந்த மாற்றம் எந்தச் சொல்லைக் கெடுக்கும் என்று பார்த்துச் செய்யுங்கள். இடம்–வலமாகத் திருப்பினால் ‘இடப்பக்கம்’, ‘வலக்கை’ என்ற விவரிப்புகள் பொய்யாகும்; கடைப் பலகை எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். நிறத்தைக் கலைத்தால் ‘செவலைக் காளை’ பொய்யாகும். வெட்டுவதில் படத்தின் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் வாக்கியப் பக்கத்துக்குப் போகாமலே ஒரு சோதனை செய்யலாம். சேமித்த பட வெக்டர்களை மட்டும் வைத்து, செவலை (செந்நிற) மாடு எது, மயிலை (சாம்பல் கலந்த வெள்ளை) மாடு எது என்று பிரிக்கும் எளிய நேர்கோட்டு வகைப்படுத்தியை ஓட்டிப் பாருங்கள். அது தடுமாறினால் அந்த வேறுபாடு பட நெட்வொர்க்கிலேயே பதியவில்லை. எத்தனை வாக்கியம் கொடுத்தாலும் வராது. அப்போது 16 புள்ளிக் கட்டமுள்ள விட்-பி/16-க்கு மாறுங்கள். 49 கட்டம் 196 ஆகும்.

படி 5: பயிற்சி

இரண்டு கட்டமாகச் செய்வது நல்லது.

முதல் கட்டத்தில் படமே வேண்டாம். ஆங்கிலப் பட விவரிப்புகள் ஒரு லட்சத்தை எடுத்து, ஏஐ4பாரத் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 கொண்டு தமிழாக்குங்கள். ஆங்கில வாக்கியத்துக்குக் கிளிப் தரும் வெக்டரை, அதன் தமிழாக்கத்துக்கு நம் நெட்வொர்க் தர வேண்டும். இரண்டுக்குமான வித்தியாசத்தின் வர்க்கமே லாஸ், அதாவது தவறின் அளவு. கோகோ என்ற பட–விவரிப்புத் தொகுப்பின் விவரிப்புகள் இதற்கு வசதியானவை. ஆனால் அதன் 80 பொருள் வகைகளில் ஒட்டகச்சிவிங்கி, பீட்சா, பனிச்சறுக்குப் பலகை எல்லாம் உண்டு. சுளவும் கலயமும் கிடையாது. ஆகவே இந்தக் கட்டம் தமிழின் பொதுச் சொற்களுக்கு மட்டும் உதவும். மொழிபெயர்ப்பில் 200 வாக்கியங்களையாவது படித்துப் பாருங்கள். பேஸ்பால் மட்டை வௌவாலாகவும், கட்டுமான கிரேன் கொக்காகவும் மாறியிருந்தால் அந்தச் சொல் வரும் வரிகளை அப்படியே தூக்கிவிடுங்கள்.

இரண்டாம் கட்டம் நம் படங்கள். பயிற்சிக்கு 2,400, சரிபார்ப்புக்கு 300, சோதனைக்கு 300 என்று பிரியுங்கள். பிரிப்பது காட்சி எண்ணால், படத்தால் அல்ல. ஒரே காளையின் இரண்டு படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் மதிப்பெண் உயர்ந்து தெரியும், புது ஊர்ப் படத்தைக் கொடுத்ததும் சரியும்.

ஒரு தொகுதிக்கு 240 ஜோடிகள். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் 240×240 ஒப்புமை அட்டவணை வரும். மூலைவிட்டத்தில் உள்ளவை சரியான ஜோடிகள். வரிசைவாரியாகவும் பத்திவாரியாகவும் கிராஸ் என்ட்ரபி (சரியான ஜோடிக்கு வாய்ப்பு குறையக் குறைய ஏறும் லாஸ்) கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். ஒப்புமைகளை வகுக்கும் வெப்பநிலை எண் 0.07-இல் தொடங்கட்டும், அதன் தலைகீழ் 100-ஐத் தாண்டாமல் வரம்பு கட்டுங்கள். கற்கும் வேகம் கடைசி அடுக்குக்கு 0.001, மற்றதற்கு 0.00002. முதல் பத்து சதவீதப் படிகளில் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படத்துக்கு ஒரு விவரிப்பு மட்டும் எடுத்தால் சுற்றுக்குப் பத்துப் படிகள். 60 சுற்று, 600 படிகள். சரிபார்ப்பு மதிப்பெண் இறங்கத் தொடங்கினால் முன்பே நிறுத்துங்கள். முதல் கட்ட லாஸையும் பாதி எடையில் சேர்த்தே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் சுளவைக் கற்கும் வேகத்தில் பேருந்தை மறந்துவிடும்.

ஒன்றுமே தெரியாமல் சமமாக ஊகிக்கும் நெட்வொர்க்கின் லாஸ் 240-இன் இயற்கை மடக்கை, அதாவது சுமார் 5.48. நூறு படி தாண்டியும் அங்கேயே நின்றால் படமும் வாக்கியமும் வரிசை மாறிச் சேர்ந்திருக்கின்றன, அல்லது எடைகள் எல்லாமே உறைந்திருக்கின்றன. முதலில் 32 ஜோடிகளை மட்டும் கொடுத்து லாஸ் பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் நிரலில் பிழை. முழுத் தரவுக்குப் போகாதீர்கள்.

ஒரே காட்சியின் இரண்டு படங்கள் ஒரே தொகுதிக்குள் வந்தால், நெட்வொர்க் சரியான பதிலுக்கே தண்டனை வாங்கும். இரண்டு வாக்கியங்கள் அச்சாக ஒன்றே என்றால் அந்த ஜோடியின் லாஸ் 0.69-க்குக் கீழே போகவே முடியாது. தொகுதி சேர்க்கும்போது காட்சி எண் திரும்ப வராமல் பாருங்கள். நினைவகம் பற்றவில்லை என்று 60 ஜோடிகளாக நான்கு முறை ஓட்டிச் சரிவுகளை (கிரேடியன்ட்) கூட்டினால் அது 240 ஆகாது. ஒவ்வொரு படமும் 59 தவறான வாக்கியங்களோடு மட்டுமே ஒப்பிடப்படும். டி4-இல் 16 பிட் கணக்கு ஓடும், ஆனால் வெக்டர் நீளத்தை 1-ஆக்குவதையும் லாஸையும் 32 பிட்டில் வையுங்கள்.

படி 6: சோதனை

300 சோதனைப் படங்களில் சரியான படம் முதலிடத்தில், முதல் 5-க்குள், முதல் 10-க்குள் வரும் சதவீதத்தை எழுதுங்கள். கண்ணை மூடி எடுத்தால் முதலிடம் 0.33 சதவீதம். 40 சதவீதம் கிடைத்தால் 300 படங்களில் அதன் உண்மையான மதிப்பு சுமார் 34.5-க்கும் 45.5-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். இரண்டு புள்ளி கூடியதைக் கொண்டாட வேண்டாம். பொருந்தும் ஜோடியின் ஒப்புமை எண்ணே 0.3 அருகில்தான் வரக்கூடும். படங்களின் வெக்டர்களும் வாக்கியங்களின் வெக்டர்களும் பயிற்சிக்குப் பின்னும் தனித்தனிக் கூட்டமாகவே நிற்கும். அதை “30 சதவீதப் பொருத்தம்” என்று படிக்காதீர்கள். வரிசை மட்டுமே பொருள் தரும்.

இந்த மதிப்பெண்ணோடு நின்றால் மாதிரி பார்க்கிறதா, சொற்களை எண்ணுகிறதா என்று தெரியாது. 2022-இல் வந்த வினோகிரவுண்ட் சோதனையில் 400 எடுத்துக்காட்டுகள்; ஒவ்வொன்றிலும் இரண்டு படங்கள், அதே சொற்களை இடம் மாற்றிய இரண்டு வாக்கியங்கள். அன்று சோதித்த மாதிரிகள் தற்செயல் அளவைப் பெரிதாகத் தாண்டவில்லை. தமிழில் இந்தச் சோதனை இன்னும் கூர்மையாக அமையும், ஏனென்றால் நம்மிடம் உறவைச் சொல்வது சொல்வரிசை அல்ல, வேற்றுமை உருபு. “நாய் ஆட்டைத் துரத்துகிறது”, “நாயை ஆடு துரத்துகிறது”. “சிரட்டைக்குள் அகப்பை”, “அகப்பைக்குள் சிரட்டை”. இப்படி 150 ஜோடிகள் செய்யுங்கள். மதிப்பெண் 58 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஊகத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. குறைவாக வந்தால், இதேபோன்ற மாற்று வாக்கியங்களைப் பயிற்சித் தொகுதிக்குள்ளும் தவறான விடைகளாகச் சேருங்கள். சோதனையில் உள்ளவற்றை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

மயிலையைத் தனியே சோதியுங்கள். மயிலைக் காளை என்றால் சாம்பல் கலந்த வெள்ளை. ஆனால் மயில் என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தாலும் ‘மயிலை’தான். வாக்கிய நெட்வொர்க் படித்த நூல்களிலும் செய்திகளிலும் பறவையே அதிகம். “மயிலை மாடு” என்று தேடினால் வரப்பில் தோகையோடு நிற்கும் மயில் மேலே வரும், மாடு கீழே போகும். பயிற்சியில் மயிலைக் காளை ஐம்பதும், மயில் ஐம்பதும், இரண்டும் சேர்ந்திருக்கும் படங்கள் சிலவும் இருந்தால்தான் பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பிரிக்கப் பழகும்.

கடைசியாக மறைப்புச் சோதனை. விவரிப்பில் உள்ள பொருளைச் சாம்பல் நிறக் கட்டத்தால் மூடி ஒப்புமையை மறுபடி கணக்கிடுங்கள். பிறகு அதே அளவு கட்டத்தால் வேறோர் இடத்தை மூடுங்கள். பொருளை மூடும்போது எண் தெளிவாக இறங்க வேண்டும். பனையை மூடியும் எண் இறங்காமல், செம்மணலை மூடும்போது இறங்கினால் படி 1-க்குத் திரும்பிப் படம் எடுக்க வேண்டியதுதான்.

நிறச் சொற்களை மனிதரோடு ஒப்பிடுதல்

மொழிக்கும் பார்வைக்குமான தொடர்பை அளக்க நிறத்தைவிட நல்ல இடம் இல்லை. பெர்லின், கே என்ற ஆய்வாளர்கள் 1969-இல் தொடங்கிவைத்த ஆய்வு வழியில் பின்னர் 330 நிறச் சில்லுகளைக் காட்டிப் பல மொழிக்காரர்களிடம் பெயர் கேட்டார்கள். அதே முறையைச் சிறிய அளவில் செய்யலாம். வெறும் நிறக் கட்டத்தை மாதிரிக்குக் காட்டாதீர்கள். அது அப்படிப்பட்ட படங்களில் பயிலவில்லை. ஒரே சேலைத் துணியின் படத்தை எடுத்து, பச்சையிலிருந்து நீலம் வரை 40 படிகளாக நிறம் மாற்றுங்கள். 20 பேரிடம் ஒரே திரையில், ஒரே வெளிச்ச அளவில், வரிசையைக் கலைத்துக் காட்டிப் ‘பச்சையா, நீலமா’ என்று கேளுங்கள். மாதிரியிடம் “பச்சைச் சேலை”, “நீலச் சேலை” இரண்டின் ஒப்புமையையும் கேட்டு அவற்றின் வித்தியாசத்தைக் குறியுங்கள். மக்கள் பாதிப்பாதியாகப் பிரியும் படியும், மாதிரியின் வித்தியாசம் பூஜ்யமாகும் படியும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளந்து எழுதுங்கள். மக்களே ஒத்துப்போகாத படிகளில் மாதிரி எதைச் சொன்னாலும் அதைத் தவறு என்று எண்ணாமல், எல்லோரும் ஒரே பெயரைச் சொன்ன படிகளை மட்டும் வைத்துச் சதவீதம் கணக்கிடுங்கள்.